அறுபத்து மூன்று வயதில் அரபு படித்த கதை

பாரீசில் மகள் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றிப் போன பதிவில் எழுதும்போது, "அங்கே மூன்று ஆண்டு அரபு படித்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பதிவின் மற்ற விஷயங்களை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், "ஏன் ஐயா, பென்ஷன் வாங்குகிற வயதில் அரபு எதற்கு? துபாயில் வேலைக்குப் போகப் போகிறீரா?" என்றே கேட்டுவிட்டார். அவருக்கு வாயால் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரணம். என் மகள் பாரீசில் படிக்கப் போனவள், அங்கேயே உடன் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பிறந்து வளர்ந்தது பிரான்சில். அவருடைய பெற்றோர் அல்ஜீரியாவின் மேற்கே உள்ள த்லெம்சேன் என்ற பழைய ஊர்க்காரர்கள். அந்தக் கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை தனிப் பதிவுக்கு உரியது, இப்போது வேண்டாம். 2008-இல் மேரியில் கையெழுத்து ஆயிற்று. சம்பந்தி ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சம்பந்தி அம்மாள் வந்திருந்தார். அவருக்கு அரபு தவிர, கடைக்குப் போய் வரும் அளவு பிரெஞ்சு தெரியும். என் துணைவியாருக்குத் தமிழ் மட்டும். எனக்குத் தமிழும் பிரெஞ்சும், ஆபீசில் பழகிய ஆங்கிலமும். மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

2011-இல் பேரன் பிறந்தான். நாங்கள் துணைக்குப் போனோம். சம்பந்தி அம்மாள் சேன்தெனியில் இளைய மகனோடு இருந்தார், வாரம் இரண்டு நாள் பேரனைப் பார்க்க வருவார். அடுப்படியில் அவரும் என் துணைவியாரும் மூன்றே நாளில் ராசியாகிவிட்டார்கள். அவர் கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்துக் குஸ்குஸ் செய்வதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம புட்டுதானே" என்றார் என் துணைவியார். அதன் பிறகு அவர்களுக்கு மொழி பெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அவரோடு பேச ஒரு வார்த்தை இல்லை. அவர் என்னைக் "கூயா" என்று கூப்பிடுவார். என் சகோதரா என்று பொருள். தங்கச்சியோ அக்காவோ, கூடப் பிறந்தவளாக நினைத்து ஒருவர் கூப்பிடும்போது "போன்ழூர் மதாம்" என்று பதில் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது.

மகள்தான் சொன்னாள். "அப்பா, சும்மா உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதற்கு லாங்ஸோவில் போய்ச் சேருங்களேன்." லாங்ஸோ என்று பாரீஸ்காரர்கள் செல்லமாகச் சொல்வது கீழை மொழிகளுக்கான உயர்கல்வி நிறுவனத்தை. 1795-இல், புரட்சிக் காலத்தில் தொடங்கியது. நூறு மொழி அளவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நம் தமிழும் அதில் உண்டு. காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்ற ழூலியேன் வேன்சோன் பிறகு தமிழ்ப் பேராசிரியராக இருந்தது இங்கேதான். எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துச் சொன்ன ஷாம்போலியோன் இளைஞராக இருந்தபோது அரபு படித்ததும் பாரீசில், இந்தப் பள்ளியின் முதல் அரபுப் பேராசிரியரான சில்வெஸ்த்ர் த சசியிடம். இப்போது பதின்மூன்றாம் வட்டாரத்தில் பெரிய கட்டடம், அதிலேயே நூலகம். மெத்ரோ பதினான்காம் எண் வண்டியில் போய் இறங்கினால் நடக்கிற தூரம். 2012 செப்டம்பரில் சேர்ந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பக்கலோரெயா முடித்திருந்தது அன்றைக்கு உதவிக்கு வந்தது. பதிவு செய்யும் மேசையில் இருந்த பெண், என் பிறந்த ஆண்டு 1949 என்பதைப் பார்த்து ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

வகுப்பில் பாதிப் பேர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களில் பலர் மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா வம்சாவளி. வீட்டில் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. நம்மில் பிரான்சில் பிறந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அதே நிலைமைதான். மற்றவர்கள் என்னைப் போல் ஒன்றுமே தெரியாதவர்கள். ஆசிரியை சிரியாவில் பிறந்த அம்மையார். முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நீங்கள் இங்கே படிக்கப்போவது எழுத்து அரபு. இதை யாரும் வீட்டில் பேசுவதில்லை. தெருவில் பேசுவது ஊருக்கு ஊர் வேறு." பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. எனக்கு அது செய்தியாகவே படவில்லை. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு "வந்துக்கினு இருக்காங்க" என்று பேசுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இப்படி ஒரே மொழி இரண்டு நிலையில் இருப்பதற்குப் பிரெஞ்சில் திக்ளொசி என்று பெயர். வில்லியம் மார்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1930-இல் அரபைப் பற்றித்தான் அந்தச் சொல்லை வைத்து எழுதினார். தமிழனுக்கு அந்தப் பாடம் தாய்ப்பாலோடு வந்தது.

எழுத்து இருபத்தெட்டு. வலமிருந்து இடம். ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியாக நின்றால் ஒன்று. ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு கை கோர்க்காது. குறில் ஓசைகளை எழுதுவதில்லை, படிக்கிறவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் எழுத்து கைக்கு வந்தது. தொண்டைக்கு வரத்தான் நாளாயிற்று. அயின் என்ற எழுத்தை அடித்தொண்டையில் பிடித்து விடவேண்டும். காலையில் குளியலறையில் நான் பயிற்சி செய்வதைக் கேட்டு, "டாக்டரைக் கூப்பிடவா?" என்று என் துணைவியார் கதவைத் தட்டிய நாளும் உண்டு.

நமக்குச் சுலபமான இடங்களும் இருந்தன. அரபில் "அல்" என்ற சுட்டு சில எழுத்துகளுக்கு முன் வந்தால் திரிந்துவிடும். அல்-ஷம்ஸ் என்று எழுதி அஷ்ஷம்ஸ் என்று படிக்க வேண்டும். சூரியன் என்று பொருள். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் என்று சின்ன வயதில் தமிழ் வாத்தியாரிடம் படித்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? இன்னொன்று, மனிதர் அல்லாத பொருள்கள் பன்மையில் வந்தால், அவற்றை ஒருமையாகவே, அதுவும் பெண்பால் ஒருமையாக நடத்த வேண்டும். "புத்தகங்கள் புதியவள்" என்பது போல. பிரெஞ்சுப் பிள்ளைகள் இதில் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். நானோ, "மாடுங்க வந்துது, மனுசங்க வந்தாங்க" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உயர்திணை, அஃறிணை வேறுபாடு ரத்தத்தில் இருப்பவனுக்கு அந்த இலக்கணம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

கஷ்டமானது எண். மூன்று முதல் பத்து வரை, ஆண்பால் சொல்லோடு எண் பெண்பால் வடிவத்தில் வரும், பெண்பால் சொல்லோடு ஆண்பால் வடிவத்தில் வரும். இதற்குக் காரணம் கேட்டால் ஆசிரியையே கையை விரித்துச் சிரிப்பார். பன்மையும் அப்படித்தான். நம்மைப் போல் "கள்" சேர்த்தால் முடிந்தது என்று விடமாட்டார்கள், சொல்லையே உடைத்துக் கட்டுவார்கள். கிதாப் என்றால் புத்தகம், குதுப் என்றால் புத்தகங்கள். பைத் வீடு, புயூத் வீடுகள். ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். விசிட்டிங் கார்டு அளவில் சீட்டு வெட்டி, முன்னால் ஒருமை, பின்னால் பன்மை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெத்ரோவில் புரட்டுவேன். நாளைக்குப் பத்துச் சொல். மறுநாள் ஆறு நிற்கும், நான்கு ஓடிவிடும். ஓடியதை மறுபடி பிடித்து வருவேன்.

இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு உண்மையான ருசி வந்தது. அரபுச் சொல்லின் அஸ்திவாரம் மூன்று மெய்யெழுத்து. க-த-ப என்றால் எழுதுதல். அதிலிருந்து கிதாப் புத்தகம், மக்தப் எழுதும் இடம், அதாவது அலுவலகம், மக்தூப் எழுதப்பட்டது, அதாவது கடிதம். எழுதுபவர் காதிப். பாடப்புத்தகத்தில் காதிப் என்ற சொல்லுக்குக் குமாஸ்தா என்றும் பொருள் போட்டிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவனுக்கு அந்த வகுப்பில் தன் பெயரையே வாசித்த மாதிரி இருந்தது. அகராதியும் வேர் வரிசையில்தான் இருக்கும். தானியேல் ரெக் தொகுத்த லாருஸ் அகராதி, 1983 பதிப்பு, தடிமனான புத்தகம். ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் முதலில் அதன் வேரைப் பிரித்தறிய வேண்டும். வேர் தெரியாதவனுக்கு அகராதியும் திறக்காது.

அந்த அகராதியைப் புரட்டப் புரட்ட, என் பழைய ஆபீஸ் உயிரோடு எழுந்து வந்தது. இதை நம் வாசகர்களில் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவர்கள் நன்றாக ரசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வசூல் என்பது வுஸூல், வந்து சேர்தல். பாக்கி என்பது பாகீ, மீந்திருப்பது. தாக்கல் என்பது தாகில், உள்ளே வருவது. ரத்து என்பது ரத்த், திருப்பி அனுப்புதல். அசல் என்பது வேர், மூலம். நகல் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போதல். தாலுகா என்பது தஅல்லுக், ஒன்றோடு ஒன்று இணைந்திருப்பது. ஜில்லா என்பது விலா எலும்பு. மாகாணம் உடம்பு என்றால் ஜில்லா அதன் விலா. மாமூல் என்பது வழக்கமாகச் செய்யப்படுவது. எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்! முன்சீப் என்பவர் முன்ஸிஃப், நிஸ்ஃப் என்றால் பாதி. இரண்டு பக்கத்துக்கும் பாதி பாதியாக நியாயம் பிரிப்பவர். தகராறு என்பது தக்ரார், திரும்பத் திரும்பச் சொல்வது. எந்தத் தகராறுதான் வேறு விதமாக ஆரம்பிக்கிறது? ராஜினாமாவில் நாமா பாரசீகம், ராஜி அரபு, ஒப்புக்கொண்டவர், திருப்தி அடைந்தவர் என்று பொருள். ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் திருப்தியோடு எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

இவையெல்லாம் நவாபு தர்பார்களும் மராட்டியரும் கம்பெனியாரும் நடத்திய கணக்கு வழக்கில், பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்தவை. நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இந்த மாதிரிச் சொற்கள் நிறையக் கிடக்கின்றன. நாம் பிரெஞ்சுக்காரர் கீழ் இருந்ததால் கொம்யூன், மேரி, நொத்தேர் என்று இன்னொரு அடுக்கும் நம் மேல் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சும் அரபிடம் கடன் வாங்கியிருக்கிறது. நம் கஜானாவும் பிரெஞ்சுக்காரர்களின் மகஸேனும் ஒரே வேர், க-ஸ-ன, சேமித்து வைத்தல். நம் திவானும் அவர்களுடைய சுங்கச் சாவடியான துவானும் ஒரே சொல். காரைக்கால் முஸ்லிம் நண்பர்கள் ஏழையை மிஸ்கீன் என்பார்கள். அதே சொல் பிரெஞ்சில் மெஸ்கேன் என்று போய், அற்பன், கருமி என்று கெட்டுவிட்டது. ஏழை என்ற சொல் எந்த ஊரில் எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தாலே அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று நானே கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டது. நாம் தமிழுக்கு ழகரம் என்று பெருமை சொல்வது போல், அரபுக்காரர்கள் தங்கள் மொழியைத் தாத் என்ற எழுத்தின் மொழி என்பார்கள். மற்றவர் நாக்குக்கு வராத ஓசை என்பது அவர்கள் பெருமை. பாரசீகத்தார் வாயில் அது மென்மையாகத் தேய்ந்து, நம்மிடம் வரும்போது ஜ ஆகிவிட்டது. ஆஜர், ஜாமீன், ஜப்தி, மாஜி, அர்ஜி, மகஜர், ராஜி, ஜில்லா, இத்தனை ஜகரமும் அந்த ஒரே எழுத்து. கோர்ட்டு வாசலில் டவாலி "ஆஜரா?" என்று கூவும்போதெல்லாம், அரபின் பெருமைமிக்க எழுத்தைத்தான் நம் ஊர் பாணியில் கூவிக்கொண்டிருந்தார்.

இதை வகுப்பில் ஒரு நாள் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அரபில்தான். எழுதிக்கொண்டு போய்ப் பேசினேன். அந்த ஆண்டு பேச்சுத் தேர்வுக்கும் அதுவே ஆயிற்று. மூன்றாம் ஆண்டு முடிவில் ஐரோப்பியக் கணக்கில் பி-1 என்று சொல்லும் நடுநிலைக்கு வந்தேன். நடுநிலை என்றால் என்ன என்று கேட்பீர்கள். செய்தித்தாளில் தலைப்பும் முதல் பத்தியும் புரியும், கடைசிப் பத்தியில் மூச்சு வாங்கும். வானொலியில் நிதானமாகப் பேசினால் பின்தொடரலாம். கடிதம் எழுதலாம். கவிதை இன்னும் மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.

சம்பந்தி அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்தே மக்ரெப் பேச்சு வழக்கையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டேன். "வாஷ் ராக்" என்றால் எப்படி இருக்கிறீர்கள், "லாபாஸ்" என்றால் நலம், "பெஸ்ஸாஃப்" என்றால் நிறைய. சில சொற்கள் எனக்கு முன்பே காதில் விழுந்தவை. எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா ஒருவர் அல்ஜீரியாவில் பட்டாளத்தில் இருந்தவர். டாக்டரைத் தூபீப் என்பார், கொஞ்சம் என்பதற்கு ஷுயா என்பார். பிரெஞ்சுக் கொச்சை என்று நினைத்திருந்தேன், அது அரபுதான். த்லெம்சேன் நகரத்தார் ககரத்தைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். காப்பியைக் கஹ்வா என்று நாங்கள் வகுப்பில் படிக்க, சம்பந்தி அம்மாள் அஹ்வா என்பார். முதல் முறையாக நான் அவரை "லல்லா" என்று மரியாதையாக அழைத்து, அஹ்வா வேண்டுமா என்று அவர் பேசுகிற மாதிரியே கேட்டபோது, கையில் இருந்த பேரனைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மளமளவென்று பேச ஆரம்பித்தார். அதில் பாதிதான் புரிந்தது.

அப்படிப் பேசிப் பேசித்தான் தெரிந்தது. 1962 ஜூலை 5 அல்ஜீரியா விடுதலை பெற்ற நாள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 16. நாற்பத்திரண்டே நாள் இடைவெளி. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, ஊர்வலம் பார்த்து மிட்டாய் தின்றேன். அவர்கள் ஊரில் எட்டு ஆண்டு போர் நடந்து முடிந்திருந்தது. அவர் அண்ணன் ஒருவர் திரும்பி வரவேயில்லை. ஒரே கொடி இறங்கியது, எங்களுக்கு இறங்கிய விதமும் அவர்களுக்கு இறங்கிய விதமும் ஒன்றல்ல. அதைச் சொல்லிவிட்டு அவர் என் மேல் கோபம் போல் எதுவும் காட்டவில்லை. "உங்களுக்கு நல்லது நடந்தது, கூயா" என்றார்.

மூன்றாம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு நாள், ஒரு பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே நாற்பதுக்கு மேல் கடிதங்கள். அவர் கணவர் 1963-இல் பிரான்சுக்கு வேலைக்கு வந்தவர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள 1976-இல் அரசு ஆணை வந்த பிறகுதான் இவர்கள் வந்தார்கள். நடுவில் பதின்மூன்று ஆண்டு கடிதம்தான். சம்பந்தி அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் அங்கே அவர் வயதுப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் மிகக் குறைவு. கடிதம் வந்தால் தெருக்கோடி வாத்தியார் வந்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவாராம். பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், அவர்களுக்கு அரபு எழுத்து தெரியாது. நாற்பது ஆண்டாக அந்த டின் யாரும் படிக்காமல் இருந்தது.

புதுச்சேரியில் இருந்தபோது இதே வேலையை நான் எத்தனையோ வீட்டுக்குச் செய்திருக்கிறேன். சொல்தா விதவைகள் பிரான்சிலிருந்து வந்த பென்ஷன் கடிதத்தோடு வருவார்கள். பழைய பிரெஞ்சுப் பத்திரத்தோடு பாகப்பிரிவினைக்காரர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன். நொத்தேர்களின் நூறாண்டுக் கையெழுத்தைப் படித்துப் பழகிய கண் இது. ஆனாலும் இந்தக் கடிதங்கள் எளிதில் மசியவில்லை. மக்ரெப் எழுத்தில் புள்ளி வைக்கும் முறை வேறு. ஃபே என்ற எழுத்துக்குப் புள்ளி கீழே, காஃப் என்ற எழுத்துக்கு மேலே ஒரே புள்ளி. நாங்கள் படித்த முறையில் ஃபேயின் புள்ளி மேலே, காஃபுக்கு இரண்டு. ஆசிரியை நூலகத்தில் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் காட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் பழகினேன்.

நம் பெரியவர்கள் பிள்ளையார் சுழி போட்டு எழுதுவதைப் போல, ஒவ்வொரு கடிதமும் இறைவன் ஒருவனுக்கே புகழ் என்று தொடங்கியது. எல்லாம் அவருடைய அண்ணனுக்கு எழுதியவை. மனைவிக்கு எழுதியது ஒன்றுகூட இல்லை. பணம் இவ்வளவு அனுப்பினேன், கூரையைச் சரிசெய், அத்திமரத்தை வெட்டாதே, நில விஷயமாக வக்கீலைப் பார். அங்கேயும் வக்கீல்தான். படித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி. "வீட்டுக்கு என் சலாம் சொல்." "வீடு உடம்பு தேறியதா என்று எழுது." "குளிரில் கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்று வீட்டிடம் சொல்."

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு நான் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். "வீடு எப்படிக் கிணற்றடிக்குப் போகும்?" என்று அவர் சிரித்தார். அகராதியில் பார்த்தால் தார் என்ற சொல்லுக்கு வீடு என்றுதான் போட்டிருக்கும். தமிழனுக்கு அகராதி எதற்கு? என் அப்பா, தாத்தா யாரும் தங்கள் மனைவியைப் பெயர் சொல்லி நாலு பேர் முன் பேசியதில்லை. "வீட்டில் சௌக்கியமா?", "எங்க வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க" என்றுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கு அதைச் சொன்னேன். அவர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். சம்பந்தி அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "ஆமாம், அது நான்தான்" என்றார்.

நாற்பது கடிதத்தையும் படிக்க இரண்டு மாதம் ஆயிற்று. நடுநிலை மாணவன் வேகமாகப் படிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லாக, சில இடத்தில் எழுத்து எழுத்தாகப் போவேன். அதற்காக அவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். "வாத்தியார் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுவார், கூயா. என் வரி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. நீங்கள் மெதுவாகவே படியுங்கள்" என்றார்.

பிறகு ஆபீஸ் பழக்கப்படி ஒரு நோட்டுப் போட்டு, வரிசை எண், தேதி, விவரம் என்று கட்டம் கீறி, எல்லாவற்றையும் சுத்தப் பிரதி எடுத்தேன். எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அசல் அதே டின்னில் சம்பந்தி அம்மாளிடம், நகல் மாப்பிள்ளையிடம். 2016-இல் நாங்கள் ஊர் திரும்பினோம். 2019-இல் அவர் காலமானார். பேரன் இப்போது சனிக்கிழமைகளில் அரபும், எங்களோடு வீடியோவில் தமிழும் படிக்கிறான். இரண்டிலும் அவனுக்கு அக்கறை இருக்கிறது, இரண்டிலும் எழுத்துப் பிழை இருக்கிறது.

வயதான காலத்தில் மொழி படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில், யாரோடு பேசுவதற்காகப் படிக்கிறோம் என்று ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொழிக்காக மொழி என்றால் நம் வயதில் ஆறு மாதத்தில் சலித்துவிடும். இரண்டாவது, ஞாபகம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இளைஞர்களுக்கு வேகம் உண்டு, நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க அறுபது வருஷச் சரக்கு உண்டு. மூன்றாவது, தினமும் அரை மணி. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாக்கி ஏறிக்கொண்டே போகும், வசூல் ஆகாது.

காரைக்காலில் நான் வேலை பார்த்தபோது கூட இருந்த நண்பர் ஒருவர், தன் பாட்டி அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த நோட்டுகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அரபுத் தமிழ் என்பார்கள், நம் டகரம், ழகரத்துக்கெல்லாம் அரபு எழுத்தோடு புள்ளி, வளையம் சேர்த்து வடிவம் செய்துகொண்டிருக்கிறார்கள். சென்ற மாதம் இரண்டு பக்கம் செல்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். ஒன்று ஏதோ மருந்துக் குறிப்பு, இஞ்சியும் மிளகும் தெரிகிறது. இன்னொன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் படிக்க ஆளில்லாமல் பிரெஞ்சிலோ அரபிலோ பழைய கடிதம் ஏதாவது கிடந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.